எங்க ஆத்தாவும் நாலு மாத்திரையும்

கார்த்திகை மாசத்துல ஒரு விடியக்காலை. கண்மாயில தண்ணி ஓரளவு ஏறியிருந்துச்சு. மடைமுறை பங்காளி வயலுக்கு முடிஞ்சு எங்களுக்கு வர வேண்டிய நேரம். நாலு மணிக்கே மண்வெட்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன். கரையில பாதி தூரம் போயிருப்பேன், வீட்டுல இருந்து போன். "ஆத்தாவுக்கு என்னமோ பண்ணுது. உடம்பெல்லாம் வேர்த்து ஊத்துது. கூப்பிட்டா என்னென்னவோ பேசுறாங்க. சீக்கிரம் வாங்க."

மண்வெட்டியைக் கரையிலேயே போட்டுட்டு ஓடி வந்தேன். ஆத்தாவுக்கு வயசு எழுபத்தெட்டு. சேலையெல்லாம் நனைஞ்சு கிடந்துச்சு. கை சில்லுன்னு இருந்துச்சு. என்னைப் பார்த்து, இறந்துபோன எங்க அய்யா பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அய்யா பேரை வாயால சொல்லாத மனுஷி. ரேஷன் கார்டு எழுத வந்தவங்க கேட்டப்பகூட என்னைக் கைகாட்டி "இவனைக் கேளுங்க"ன்னு சொன்னவங்க. அந்த வாயில அய்யா பேர் வந்ததும் எனக்கு ஈரக்குலையே நடுங்கிப் போச்சு.

108க்கு போன் பண்ணினோம். வண்டி வந்துச்சு. வண்டியில இருந்த தம்பி விரல்ல குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு, "சர்க்கரை 46 தான்யா இருக்கு, ரொம்ப இறங்கிருச்சு"ன்னு சொல்லிட்டு ஊசி வழியா குளுக்கோஸ் ஏத்தினாரு. சர்க்கரை ஏறினாத்தான் ஆபத்துன்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். இறங்கினா இன்னும் வேகமா ஆளைச் சாய்ச்சிரும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

ஆஸ்பத்திரியில பணியில இருந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "என்ன மாத்திரை சாப்பிட்டாங்க?" நான் விவரமா எல்லா மாத்திரையையும் மஞ்சப்பையில அள்ளிக்கிட்டுத்தான் போயிருந்தேன். மேசையில கொட்டினேன். அவங்க ஒவ்வொரு துண்டா எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. ஒரு துண்டுல கம்பெனி பேர்ல பாதி இருந்துச்சு. இன்னொண்ணுல விலை மட்டும் இருந்துச்சு. இன்னொரு துண்டுல "டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது"ங்கிற மாதிரி ஆங்கில எழுத்துல வால் மட்டும் இருந்துச்சு. மாத்திரையோட பேர் இருந்த பக்கத்தைக் கத்தரி சாப்பிட்டிருச்சு. "இதுல பேரே இல்லையேங்க, எப்படிக் கண்டுபிடிக்கிறது?"ன்னு அவங்க கேட்டப்ப, பத்து வருஷமா அந்த மாத்திரையை வாங்கிக் கொடுத்துக்கிட்டு இருக்கிற எனக்குப் பதில் தெரியலை.

ரெண்டு நாள் வச்சிருந்து அனுப்பினாங்க. ஆத்தா நல்லா இருக்காங்க. இப்ப வாசல்ல உக்காந்து புளி கொட்டை எடுத்துக்கிட்டு இருக்காங்க. அதனாலதான் இதை எழுத முடியுது.

நடந்தது இதுதான். ஆத்தாவுக்கு ரத்தக்கொதிப்பும் உண்டு, சர்க்கரையும் உண்டு. சர்க்கரைக்கு ரெண்டு வகை மாத்திரை. ஒண்ணு மெட்ஃபார்மின். அது தனியா இருந்தா சர்க்கரையை அதலபாதாளத்துக்கு இறக்காதாம். இன்னொண்ணு கிளிமிபிரைடு. அது சாப்பாட்டுக்கு முன்னாடி காலையில ஒண்ணு மட்டும். சாப்பிடாம அதைப் போட்டா சர்க்கரை சர்ருன்னு இறங்கும். ரத்தக்கொதிப்புக்கு ராத்திரி ஒரு மாத்திரை, அம்லோடிபின். அந்த வாரம் அடைமழை. கையில இருந்த மாத்திரை தீர்ந்துபோச்சு. டவுனுக்குப் போற பையன்கிட்ட காசு கொடுத்து அதுல நாலு, இதுல நாலு வாங்கி வரச் சொன்னோம். கடையில வெட்டிக் கொடுத்தாங்க. ரெண்டுமே சின்ன வட்ட மாத்திரை, ரெண்டுமே வெள்ளித்தாள், ரெண்டுலயும் பின்னாடி நீல எழுத்து. ஆத்தா காலையில ஒரு கிளிமிபிரைடு போட்டுட்டு, ராத்திரி கொதிப்பு மாத்திரைன்னு நினைச்சு இன்னொரு கிளிமிபிரைடைப் போட்டிருக்காங்க. அன்னைக்குப் பசிக்கலைன்னு அரை தம்ளர் கஞ்சிதான் குடிச்சிருக்காங்க. அவ்வளவுதான் விஷயம். ஒரு மாத்திரை, அரை தம்ளர் கஞ்சி.

நீங்க பட்டணத்துல இருக்கிறவங்க. இதைப் படிச்சிட்டு, "படிச்சவங்க யாராவது பார்த்துக் கொடுக்கக் கூடாதா?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். என் பேர்ல குத்தம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். நான் பன்னிரண்டாவது வரைக்கும் படிச்சவன். ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிச்சிருவேன். ஆனா அன்னைக்கு ராத்திரி நான் அசந்து தூங்கிட்டேன். எங்க மாதிரி வீடுகள்ல மாத்திரை எடுக்கிறது படிச்சவங்க இல்லை, வயசானவங்கதான். பிள்ளைங்க திருப்பூர்லயும் சிங்கப்பூர்லயும் இருக்காங்க. வீட்டுல கிழவியும் மாத்திரையும்தான் மிச்சம். அதனால மாத்திரை அட்டை அந்தக் கிழவிகிட்ட பேசணும். அது யாருகிட்ட பேசுதுன்னு பார்க்கத்தான், ஆஸ்பத்திரியில இருந்து வந்த மறுநாள் எல்லா அட்டையையும் திண்ணையில பரப்பி வச்சு உக்காந்தேன்.

முதல்ல கத்தரி. பத்து மாத்திரை இருக்கிற அட்டையில மருந்தோட பேர் ரெண்டு மூணு இடத்துலயாவது இருக்கு. ஆனா தயாரிச்ச தேதி, காலாவதி தேதி, பேட்ச் நம்பர், விலை இதெல்லாம் பெரும்பாலும் அட்டையோட ஒரு ஓரத்துல ஒரே ஒரு தடவைதான் அடிச்சிருக்கு. முதல்ல நாலு வாங்கிட்டுப் போறவருக்குத் தேதி போயிருச்சுன்னா, மிச்சம் ஆறு வாங்குறவருக்கு அது எந்த வருஷத்து மாத்திரைன்னு தெரிய வழியே கிடையாது. இதுல கடைக்காரத் தம்பியைக் குறை சொல்ல நான் தயாரில்லை. வெட்டச் சொன்னது நாங்கதான். எங்க ஊர்ல நெல்லு காசு தை மாசத்துல ஒரு தடவை வரும். மத்த நாள்ல நூறு நாள் வேலைக் கூலி எப்ப ஏறும்னு பேங்க் வாசல்ல நிக்கிற சனம். முழு அட்டையா வாங்குங்கன்னு சொன்னா மாத்திரை போடுறதையே விட்டுருவாங்க. ஆகவே வெட்டாம இருக்க முடியாது. வெட்டினாலும் ஒவ்வொரு துண்டுலயும் பேரும் தேதியும் இருக்கிற மாதிரி அச்சடிக்க முடியுமே, அதுதான் என் கேள்வி. ஒவ்வொரு குழிக்குப் பின்னாடியும் மாத்திரை பேர் அடிச்சு, நடுவுல தபால்தலை மாதிரி ஓட்டை போட்டு, கையாலேயே பிச்சு எடுக்கிற மாதிரி வர்ற அட்டையும் உலகத்துல இருக்கு. அப்ப இது முடியாத காரியம் இல்லை. செய்யணும்னு யாரும் நினைக்கலை.

ரெண்டாவது, நிறம். எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு நிறம்தான் எழுத்து. எங்க ஆத்தா அவங்க மாத்திரையை "பச்சைக்கோடு", "மஞ்சத்தாளு", "குண்டு மாத்திரை"ன்னுதான் சொல்லுவாங்க. அதே மாத்திரை அடுத்த மாசம் வேற கம்பெனியில இருந்து வரும். பச்சைக்கோடு சிவப்புக்கோடு ஆயிரும். மஞ்சத்தாளு வெள்ளித்தாளு ஆயிரும். மருந்து அதேதான், ஆனா ஆத்தாவுக்கு அது புது மருந்து. இதுக்கு நேர்மாறா, ஒரே கம்பெனி தன்னோட எல்லா மாத்திரைக்கும் ஒரே நிறம், ஒரே அச்சு வச்சிருக்கும். கம்பெனி அடையாளம் பளிச்சுன்னு தெரியுது. ஆனா எங்களுக்குக் கம்பெனி அடையாளமா வேணும்? எது சர்க்கரை, எது கொதிப்புன்னுதானே தெரியணும்?

இங்க அரசாங்கத்தைப் பத்தியும் நியாயமா ரெண்டு வார்த்தை சொல்லணும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்னு ஒண்ணு 1994ல ஆரம்பிச்சாங்க. அதுக்கு முன்னாடி எங்க சின்ன வயசுல அரசு ஆஸ்பத்திரின்னா, பெரிய டப்பாவுல இருந்து மாத்திரையை அள்ளி, பழைய பேப்பர்ல மடிச்சுத்தான் கொடுப்பாங்க. வீட்டுக்கு வர்றதுக்குள்ள வேர்வையில கரைஞ்சு பாதி பொடியாயிரும். அட்டையில அடைச்ச மாத்திரை ஏழைக்கும் வந்து சேர்ந்ததுல அந்தக் கழகத்துக்குப் பெரிய பங்கு இருக்கு. அதே மாதிரி 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம். கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் வீட்டு வாசல்லயே மாத்திரை வருது. எங்க ஊருக்கு வர்ற தன்னார்வலர் பொண்ணு, ஆத்தா திண்ணையில உக்காந்து பிரஷர் பார்த்துட்டு, மாத்திரையையும் கொடுத்துட்டு, ஒரு வாய் மோரு குடிச்சிட்டுத்தான் போகும். வாசல் வரைக்கும் மருந்து வந்துருச்சு. வாசல்ல இருந்து வாய் வரைக்கும் போற அந்தக் கடைசி நாலடியிலதான் தடுமாறுது.

மூணாவது, எழுத்து. மாத்திரை அட்டையில தமிழ் இருந்து நான் பார்த்ததில்லை. சித்த மருந்து டப்பாவுல இருக்கும். இங்கிலீஷ் மருந்துல இருக்காது. இருக்கிற ஆங்கிலமும் எறும்பு ஊர்ற மாதிரி. பளபளக்கிற வெள்ளித்தாள்ல வெளிர் நிறத்துல அடிச்சிருந்தா வெயில்ல சாய்ச்சுச் சாய்ச்சுப் பார்க்கணும். தேதியை மையே இல்லாம வெறும் அழுத்தமா குத்தி வச்சிருப்பாங்க. அதை விரலால தடவித்தான் படிக்கணும். மண்வெட்டி பிடிச்சுக் காய்ச்சுப்போன எங்க விரலுக்கு அது தட்டுப்படுமா?

மருந்தோட பொதுப்பெயரை கம்பெனி பேரை விடப் பெருசா போடணும்னு 2018ல ஒரு விதி வந்துச்சு. நல்ல விதி. 2023 ஆகஸ்ட் 1ல இருந்து அதிகம் விக்கிற 300 மருந்துகளுக்கு க்யூஆர் கட்டம் போடணும்னு இன்னொரு விதி. போலி மருந்தைக் கண்டுபிடிக்க அது உதவும், வேண்டாம்னு சொல்லலை. ஆனா எங்க ஆத்தாகிட்ட இருக்கிறது பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் உள்ள போன். பச்சை எடுக்க, சிவப்பு வைக்க. அவங்க எதைக் கொண்டு கட்டத்தை ஸ்கேன் பண்ணுவாங்க?

அட்டையில இடது பக்கம் மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு சிவப்புக் கோடு வருது பார்த்திருக்கீங்களா? டாக்டர் சீட்டு இல்லாம அந்த மருந்தைச் சாப்பிடக் கூடாதுன்னு அர்த்தம். இத்தனை வருஷமா அதை அழகுக்குப் போட்டிருக்காங்கன்னு நினைச்சிருந்தேன். விளக்கம் பக்கத்துலயே இருக்கு, ஆனா ஆங்கிலத்துல, பொடி எழுத்துல. காய்ச்சல்னா பக்கத்து வீட்டுல மிச்சம் கிடக்கிற ஆன்டிபயாடிக்ல ரெண்டை வாங்கி முழுங்குற பழக்கம் எங்க ஊர்ல இருக்கு. அந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம்னு தமிழ்ல நாலு வார்த்தை இருந்தா, பத்துல ரெண்டு பேராவது யோசிச்சிருப்பாங்க.

இப்ப ஒரு விவசாயியா எனக்கு உறைச்ச விஷயத்தைச் சொல்றேன். எங்க கொட்டகையில பூச்சி மருந்து டப்பா இருக்கு. அதுல சாய்ஞ்ச சதுரம் ஒண்ணு போட்டிருக்கும். அதோட கீழ்ப்பாதியில நிறம் இருக்கும். சிவப்புன்னா கடும் விஷம், மஞ்சள்னா அதுக்கு அடுத்தது, நீலம்னா நடுத்தரம், பச்சைன்னா கொஞ்சம் லேசு. கையெழுத்துப் போடத் தெரியாத கூலியாளுக்குக்கூட "சிவப்பு முக்கோணம்"னா பயம் இருக்கு. டப்பாவோட ஒரு தாள் வரும். அதுல இந்தி, ஆங்கிலத்தோட வட்டார மொழியும் இருக்கணும்னு பூச்சிக்கொல்லி விதிகள் சொல்லுது. அது 1971ல வந்த விதி. அந்தத் தாளும் எட்டா மடிச்சுப் பொடி எழுத்துலதான் இருக்கு, அதையும் யாரும் முழுசாப் படிக்கிறதில்லை. ஆனாலும் தமிழ் இருக்கு, நிறம் இருக்கு. பயிருக்கு அடிக்கிற மருந்துக்கு என் மொழியில சொல்லணும்னு சட்டம் போடத் தெரிஞ்சவங்களுக்கு, என் ஆத்தா வாயில போடுற மருந்துக்கு ஏன் தோணலை? கத்தரிச் செடிக்கு இருக்கிற மரியாதை எங்க ஆத்தாவுக்கு இல்லையா?

எங்க பக்கத்துத் தப்பையும் மறைக்கக் கூடாது. பூச்சி மருந்தைக் குவாட்டர் பாட்டில்ல ஊத்தி வைக்கிறவங்க எங்க ஊர்லயும் இருக்காங்க. காலி டப்பாவைக் கழுவி வீட்டுக்கு எடுத்துட்டுப் போறவங்களும் இருக்காங்க. 2013 ஜூலையில பீகார் மாநிலம் சாப்ரா பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல மதியச் சாப்பாடு சாப்பிட்ட 23 பிள்ளைங்க செத்துப்போனது ஞாபகம் இருக்கா? சமையல் எண்ணெயில மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்துச்சு. எங்க எல்லாருக்கும் பழக்கமான மருந்துதான் அது. உள்ள என்ன இருக்குன்னு வெளிய தெரியாத பாத்திரம் எவ்வளவு பெரிய கொலைகாரன்னு அதுக்கு மேல ஒரு சாட்சி வேண்டாம்.

நாலாவது, பிரிக்கிறது. ரெண்டு பக்கமும் கனத்த அலுமினியத் தாள் வச்ச அட்டை ஒண்ணு வருது. ஈரம் படாம இருக்க அப்படிச் செய்றாங்களாம், சரி. ஆனா அதைக் கிழிக்க எங்க ஆரம்பிக்கணும்னு ஒரு அடையாளம் இல்லை. ஆத்தா பல்லால கடிப்பாங்க, பல்லும் நாலுதான் இருக்கு. நான் அழுத்தினா மாத்திரை துள்ளிப் போய் மாட்டுக் கொட்டகையில விழும். ஒரு தடவை அரிவாள்மணையில வச்சுக் கீறி மாத்திரையே ரெண்டு துண்டாச்சு. நீண்ட நேரம் மெதுவா வேலை செய்யற மாத்திரை சிலது இருக்கு, அதையெல்லாம் உடைச்சுச் சாப்பிடக் கூடாது. அதுவும் எங்களுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது.

அப்புறம் பிள்ளைங்க மருந்து. சிரப் பாட்டிலோட ஒரு சின்ன மூடி வரும், அளவு பார்க்க. கண்ணாடி மாதிரி மூடியில, நிறமே இல்லாத கோடு. விளக்கு வெளிச்சத்துல 5 மில்லி எது, 10 மில்லி எதுன்னு யாருக்குத் தெரியும்? அந்தக் கோட்டுல கொஞ்சம் கறுப்பு மை தடவ எவ்வளவு செலவாகும்? வயித்துப்போக்குக்குக் கொடுக்கிற உப்பு சர்க்கரைப் பொட்டலத்தைப் பாருங்க. பெரிய பொட்டலத்தை முழுசா ஒரு லிட்டர் தண்ணியில கரைச்சு, அதை ஒரு நாளைக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா கொடுக்கணும். எங்க ஊர்ல நிறைய பேர் ஒரு தம்ளர் தண்ணிக்கு ரெண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கி, மிச்சத்தை மடிச்சு வைப்பாங்க. உப்பு ஏறிப்போனா பிள்ளைக்கு நல்லதுக்குப் பதிலா கெடுதல். ஒரு லிட்டர் பாட்டில் படம் ஒண்ணைப் பெருசா போட்டு, பக்கத்துல முழுப் பொட்டலத்தையும் கொட்டுற மாதிரி வரைஞ்சா முடிஞ்சுபோச்சு. படத்துக்கு எந்த மொழியும் வேண்டாம்.

கண்ணுப்புரை எடுத்துக்கிட்டு வந்த எங்க பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு மூணு சொட்டு மருந்து கொடுத்தாங்க. ஒண்ணு ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஒண்ணு நாலு தடவை, ஒண்ணு ரெண்டு தடவை. மூணும் கட்டைவிரல் உயர வெள்ளை பாட்டில். கண்ணு சரியாத் தெரியாதவங்களுக்குத்தான் அந்த மருந்தே, அவங்க பொடி எழுத்தைப் படிச்சு எது எதுன்னு பிரிக்கணுமாம்! அந்தப் பெரியம்மா ஒரு பாட்டிலுக்குக் கறுப்பு நூலு, ஒண்ணுக்கு ரப்பர் பேண்டு கட்டி வச்சாங்க. ஒண்ணை வெறுமனே விட்டுட்டாங்க. மூணாவது வரைக்கும் படிச்சவங்க. அவங்களுக்குத் தோணுனது மருந்துக் கம்பெனிக்குத் தோணலை.

சின்னப் பொட்டலத்தைப் பத்தி நம்ம தமிழ்நாட்டுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஷாம்பு சாஷே நம்ம ஊர் யோசனைதான். கடலூர் சின்னி கிருஷ்ணன்னு ஒருத்தர். பெரிய பாட்டில் வாங்க முடியாத கூலிக்காரங்களும் வாங்கணும்னு நினைச்சுச் சின்னச் சின்னப் பொட்டலமா போட்டவர். அவரோட பிள்ளைங்க வெல்வெட் ஷாம்பு, சிக் ஷாம்புன்னு அதை ஊர் ஊரா கொண்டு போனாங்க. இன்னைக்கு எங்க ஊர்ப் பெட்டிக்கடையில தோரணமா தொங்குது. அந்தத் தோரணத்துல ஒண்ணை மட்டும் கிழிச்சாலும் பேரு இருக்கும், விலை இருக்கும், எங்க கிழிக்கணும்னு ஒரு வெட்டும் இருக்கும். தலைக்குத் தேய்க்கிற ஒரு ரூபா ஷாம்புக்கு இவ்வளவு கரிசனம். மாத்திரை அட்டையும் அதே மாதிரி ஒண்ணு ஒண்ணா வாங்குற சனத்துக்குத்தான் போகுதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா அட்டை மட்டும் பத்தையும் சேர்த்து வாங்குறவங்களுக்காகவே செய்யப்பட்டிருக்கு.

இதை என் மகள்கிட்ட புலம்பிக்கிட்டு இருந்தப்ப, அவ போன்ல ஒரு சங்கதியைக் காட்டினா. அமெரிக்காவுல டெபோரா ஆட்லர்னு ஒரு பொண்ணு. வடிவமைப்பு படிச்சுக்கிட்டு இருந்தப்ப, அவங்க பாட்டி ஹெலன், தாத்தா ஹெர்மனோட மாத்திரையைத் தன்னோடதுன்னு நினைச்சுத் தப்பா சாப்பிட்டுட்டாங்க. ரெண்டு பேரோட பாட்டிலும் ஒரே மாதிரி. அந்தப் பொண்ணு அதையே தன் படிப்புக்கு வேலையா எடுத்துக்கிட்டு, புதுசா ஒரு மருந்து பாட்டிலை உருவாக்கினாங்க. உருண்டையா இல்லாம தட்டையான முகம், அதனால எழுத்தைச் சுத்திச் சுத்திப் படிக்க வேண்டாம். மருந்து பேர் பெருசா. வீட்டுல ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நிறத்துல வளையம். 2005ல டார்கெட்ங்கிற பெரிய கடைக்காரங்க அதைத் தங்களோட மருந்துக் கடைகள் எல்லாத்துலயும் கொண்டு வந்தாங்க. பத்து வருஷம் கழிச்சு அந்த மருந்துக் கடைகளை வேற கம்பெனிக்கு வித்ததும் அந்தப் பாட்டிலை நிறுத்திட்டாங்க, சனங்க அதுக்காக வருத்தப்பட்டாங்கன்னு படிச்சேன். ரெண்டு விஷயம் எனக்குப் புரிஞ்சுது. பாட்டி தப்பா சாப்பிட்டப்ப அந்தப் பொண்ணு பாட்டியைத் திட்டலை, பாட்டிலைத் திட்டுச்சு. இன்னொண்ணு, நல்ல யோசனை மட்டும் போதாது, அதைச் சட்டமா ஆக்கி வைக்கலைன்னா ஒரு வியாபாரக் கையெழுத்துல காணாமப் போயிரும்.

கம்பெனிக்காரங்க தரப்பு என்னவா இருக்கும்னும் யோசிச்சுப் பார்த்தேன். அட்டை சின்னது, இடம் இல்லை. இந்தியாவுல இத்தனை மொழி, எதை அடிக்கிறது? செலவு ஏறும், மருந்து விலை ஏறும். இடம் இல்லைங்கிறது உண்மைதான். ஆனா எல்லாத்தையும் தமிழ்ல எழுதச் சொல்லி நான் கேட்கலை. சூரியனும் நிலாவும் போட ஒரு மொழியும் வேண்டாம். சர்க்கரைக்கு ஒரு குறி, கொதிப்புக்கு ஒரு குறி, எந்தக் கம்பெனி செஞ்சாலும் அதே குறின்னு வைக்கலாம். பூச்சி மருந்துக்கு நாலு நிறம் வச்ச மாதிரி. ஒவ்வொரு குழிக்குப் பின்னாடியும் பேரும் தேதியும். மூடியில மை தடவின கோடு. இதுக்கெல்லாம் விலை ஏறும்னா, கம்பெனி பேரை அடிக்கிற ஜிகினா மையைக் கொஞ்சம் குறைச்சுக்கலாம்.

தமிழ்நாட்டுக்கு இன்னொரு வசதியும் இருக்கு. அரசாங்கமே பெரிய வாடிக்கையாளர். எல்லா அரசு ஆஸ்பத்திரிக்கும் டெண்டர் விட்டு மருந்து வாங்குது. வாங்குறவன் கேட்டா விக்கிறவன் செய்வான். சந்தையில நாங்க அப்படித்தான் வாழ்றோம். "இந்த மாத்திரை அட்டைக்கு இந்த நிறம், இந்தப் படம், தமிழ்ல இந்த ரெண்டு வார்த்தை"ன்னு டெண்டர்ல ஒரு வரி சேர்த்தா, அடுத்த வருஷம் எல்லாக் கிராமத்துக்கும் அது வந்து சேர்ந்திரும். டில்லிச் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

அது வர்ற வரைக்கும் எங்க வீட்டுல ஒரு ஏற்பாடு செஞ்சிருக்கோம். எங்க செட்டிநாட்டுப் பக்கம் பனை ஓலைக் கொட்டான் பிரசித்தம். கல்யாண வீட்டுல கொடுத்த சின்னக் கொட்டான் மூணு பரண்ல கிடந்துச்சு. ஒண்ணுல மஞ்சள் துணி, அது காலை. ஒண்ணுல கறுப்புத் துணி, அது ராத்திரி. மூணாவதுல ஒரு நெல்மணிக் கதிரைச் சொருகி வச்சிருக்கேன், சாப்பிட்ட பிறகுதான் இதைத் தொடணும்னு அர்த்தம். ஞாயித்துக்கிழமை நான் உக்காந்து வாரத்துக்கும் பிரிச்சு, ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனி மடிப்புல போட்டு வச்சிருவேன். கடையில மாத்திரை வெட்டினா, பேரும் தேதியும் இருக்கிற பக்கத்தைக் கொடுங்கன்னு கேட்டு வாங்குறோம். இல்லைன்னா கவர் மேல எழுதித் தரச் சொல்றோம். கடைத் தம்பி முகம் சுளிக்காம எழுதித் தர்றாரு. "இப்படி யாருமே கேட்டதில்லைண்ணே"ன்னாரு. எங்க வீட்டு அஞ்சறைப் பெட்டியில கடுகு எது, சீரகம் எதுன்னு கண்ணை மூடிக்கிட்டு எடுப்பாங்க ஆத்தா. அந்த மாதிரி இருக்கணும்னுதான் இவ்வளவும். அவங்களுக்கு ஞாபகம் குறைஞ்சு போகலை. அடையாளம் வைக்கிற விதம்தான் சரியில்லாம இருந்துச்சு.

பொங்கலுக்கு ஊருக்கு வருவீங்கல்ல? வந்ததும் பொங்கலைச் சாப்பிட்டுட்டு, ஆத்தா அப்பனோட மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்க. துண்டு துண்டா கிடக்கிறதை எல்லாம் தரையில கொட்டுங்க. பேர் தெரியாததையும் தேதி தெரியாததையும் தனியா எடுத்து வைங்க. எதை எப்ப சாப்பிடுறீங்கன்னு அவங்க வாயாலேயே சொல்லச் சொல்லிக் கேளுங்க. திட்டாம கேளுங்க. ராத்திரி திடீர்னு வேர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினா சர்க்கரை இறங்கியிருக்கலாம்னு வீட்டுல இருக்கிறவங்ககிட்ட சொல்லி வைங்க. முழிச்சு, முழுங்குற நிலையில இருந்தா உடனே சர்க்கரைத் தண்ணி. மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தாம 108. எனக்கு அன்னைக்கு இது தெரிஞ்சிருந்தா, கரையில ஓடி வரும்போதே போன்ல சொல்லியிருப்பேன்.

உங்கள்ல யாராவது மருந்துக் கம்பெனியில அட்டைக்குப் படம் போடுறவங்களா இருந்தா, ஒரு நாள் எங்க திண்ணைக்கு வாங்க. புது அட்டையைக் கொண்டு வந்து ஆத்தா கையில கொடுங்க. ஒண்ணும் சொல்லிக் கொடுக்காம சும்மா பாருங்க. ஆத்தா சரியா எடுத்துட்டாங்கன்னா அந்த அட்டை பாஸ்.

மடைமுறை இன்னைக்குத் திரும்ப எங்களுக்கு. அன்னைக்குக் கரையில போட்ட மண்வெட்டியைப் பங்காளி எடுத்து வந்து வாசல்ல சாத்தி வச்சிருந்தான். எங்களுக்கான தண்ணியையும் அவனே திருப்பி விட்டிருந்தான். ஆத்தா உள்ள இருந்து குரல் கொடுக்கிறாங்க, "அப்பு, கறுப்புத்துணிக் கொட்டான்ல இன்னைக்கு ஒண்ணுதானே?" ஒண்ணுதான் ஆத்தா. சாப்பிட்டுட்டுப் போடுங்க.